பனிக்கட்டி யாருக்குச் சொந்தம்?

குளிர்கால ஒலிம்பிக்காம்! பனிமலையிலே சறுக்கிக்கொண்டு இறங்குவார்களாம், பனித்தரையிலே சுழன்று ஆடுவார்களாம், அதைக் காண உலகமே திரளுமாம்! எண்ணூர் வெயிலிலே வெந்து, துறைமுகத்துப் பெட்டிகளுக்கு நடுவே வியர்த்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் புழுதியைச் சுமந்து வீடு திரும்பும் தோழரிடம் போய் இதைச் சொன்னால், "நமக்கும் அதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" என்றுதான் கேட்பார். கேட்பதிலே நியாயமிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் வாயிலே வைத்துவிட்டுப் போனவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? "உங்கள் ஊர் வெயில் ஊர், பனி விளையாட்டு உங்களுக்கு எதற்கு?" என்று படித்தவர்கள் சொல்லும்போது, அது ஏதோ இயற்கை விதித்த விதி போலத் தோன்றுகிறது. கிளறிப் பார்த்தால் அடியிலே கிடப்பது பணம்.

பனிக்கட்டியைப் பற்றி வடசென்னைக்காரனுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையொட்டிய ஐஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்து பாருங்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அங்கே பாளம் பாளமாகப் பனிக்கட்டி விளைகிறது. பெரிய உப்புநீர்த் தொட்டி. அதிலே அமோனியா ஓடும் குழாய்கள். அமோனியா ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உப்பு கலந்த நீர், உறையாமலே பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்து கிடக்கிறது. நல்ல நீர் நிரப்பிய தகர அச்சுகளை அதிலே இறக்கிவைத்து மணிக்கணக்கில் காத்திருந்தால் நீர் கட்டியாகிறது. அச்சைத் தூக்கிச் சாதாரண நீரிலே ஒரு முக்கு முக்கினால் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொக்கி போட்டு இழுத்து, பொறியிலே கொடுத்து நொறுக்கி, விசைப்படகின் வயிற்றிலே கொட்டுகிறார்கள். நாள்கணக்கில் கடலில் கிடக்கும் படகுக்கு டீசல் எப்படியோ அப்படி ஐஸ்.

ஒலிம்பிக் பனித்தளம் வேறு எந்த மாயத்தால் உண்டாகிறது? அங்கும் குளிர்ப்பொறி, அங்கும் குழாய், அங்கும் மின்சாரம். லூஜ் என்னும் சறுக்குவண்டி பாயும் நீண்ட தடங்கள் பலவற்றை அமோனியாவைக் கொண்டே உறைய வைக்கிறார்கள். (2023 டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயிலிருந்து கசிந்து எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்களைக் குழந்தை குட்டிகளோடு தெருவிலே ஓட வைத்ததே, அதே அமோனியாதான். நம் பங்குக்கு நஞ்சு மட்டும் தவறாமல் வந்துசேர்கிறது!) 2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கைப் பாருங்கள். மலைச் சரிவுகளில் போட்டிக்குப் போதிய இயற்கைப் பனி இல்லை. நீரைப் பொறிகளால் பீய்ச்சி, செயற்கைப் பனியை உண்டாக்கி, ஏறத்தாழ முழுப் போட்டியையும் அதன்மேல் நடத்தி முடித்தார்கள். வானம் தராததை இயந்திரமும் தொழிலாளியும் தந்தார்கள். அப்படியிருக்க, வெயில் ஊர் என்ற சாக்கு எங்கே நிற்கும்?

பனி சென்னைக்கு வந்த கதையே சுவையானது. பாஸ்டன் நகர வணிகர் பிரடரிக் டியூடர், அமெரிக்கக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி விற்றார். 1833இல் கல்கத்தாவுக்கு வந்தது. 1840களில் சென்னைக் கடற்கரையில் அதற்கென்றே கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் அந்தப் பகுதிக்குப் பெயர். அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. அலையைப் பிளந்து மசூலாப் படகு ஓட்டியவர்களும் சுமந்தவர்களும் நம்மவர்கள். துரைமார் கோப்பையிலே அது கரைந்தது. சுமந்தவன் தோளுக்கு ஈரம்தான் மிச்சம்.

விளையாட்டிலும் இதே பங்கீடுதான் நடந்தது. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் 1879இல் ஒரு விதி வகுத்தார்கள்: கைத்தொழில் செய்பவன், கம்மியன், கூலிக்கு உழைப்பவன் இவர்களெல்லாம் "அமெச்சூர்" ஆகமாட்டார்கள், ஆகவே போட்டியிடக் கூடாது! நம் நாட்டுக் கோயில் வாசலிலே கேட்ட குரல் போலத் தோன்றவில்லையா? இங்கே பிறப்பைச் சொல்லித் தடுத்தார்கள், அங்கே பிழைப்பைச் சொல்லித் தடுத்தார்கள். அந்த அமெச்சூர் தத்துவம்தான் ஒலிம்பிக் இயக்கத்தின் நாடி நரம்பிலெல்லாம் ஓடிற்று. 1924இல் பிரான்சின் சாமோனி என்ற மலையூரில் 16 நாடுகள் கூடி முதல் குளிர்காலப் போட்டி நடந்தபோதும் அதுவே சட்டம். சம்பளம் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் மலையிலே பழக யாரால் முடியும்? அப்பன் சேர்த்து வைத்தவனால் முடியும்.

1936இல் மலைச்சறுக்குப் போட்டியை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். ஆனால் பனிச்சறுக்குக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் ஆசிரியர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்றார்கள். உலகிலேயே நன்றாகச் சறுக்கத் தெரிந்த மலைநாட்டு ஏழைகளின் பிழைப்பே அதுதான்! ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஆடவர் மலைச்சறுக்குக்குத் தம் வீரர்களை அனுப்பவில்லை. 36 ஆண்டு கழித்தும் மனம் மாறவில்லை. 1972இல் சப்போரோ போட்டியின் வாசலில், ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷிரான்ஸை, விளம்பரத்துக்குப் பெயரைக் கொடுத்துக் காசு பெற்றாரென்று வெளியேற்றினார் ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ். இந்தப் பிரண்டேஜ் யார்? சிகாகோவில் கட்டடம் கட்டிக் கோடீசுவரரானவர். கோடீசுவரர் குந்திக்கொண்டு, சறுக்குகிறவன் காசு வாங்குவது இழிவு என்று தீர்ப்பளித்தார்! வியன்னா மக்கள் பல்லாயிரவராகத் தெருவிலே திரண்டு ஷிரான்ஸை வரவேற்றதுதான் அதற்குப் பதில். 1980களின் பிற்பகுதியில் அந்த விதி தளர்ந்தது. விதி போனது; வண்டிக்கும், பயிற்சியாளருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஆகும் செலவு வாசலிலே நின்றுகொண்டது.

கைகட்டிக்கொண்டு நின்றதா தொழிலாளர் உலகம்? இல்லை. இந்தப் பகுதி நம் ஏடுகளில் அதிகம் எழுதப்படாதது, ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்காரவேலர் 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையிலே தொழிலாளர் நாள் கொண்டாடினார் அல்லவா? அது நடந்து இரண்டாண்டு நிறையுமுன், 1925 ஜனவரி இறுதியில், ஜெர்மனியின் ஷ்ரைபர்ஹாவ் என்னும் மலையூரில் தொழிலாளர் குளிர்கால ஒலிம்பியாட் கூடிற்று. அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. சோஷலிஸ்டுத் தொழிலாளர் விளையாட்டு அகிலம் அதை நடத்திற்று. அதே ஆண்டு பிராங்க்பர்ட்டில் கோடைக்கால ஒலிம்பியாட் நடந்தபோது நாட்டுக் கொடிகளுக்குப் பதிலாகச் செங்கொடி பறந்தது. நாட்டுப் பண்களுக்குப் பதிலாகச் சர்வதேச கீதம் ஒலித்தது. "இனிப் போர் வேண்டாம்" என்பது அவர்கள் முழக்கம். முதல் உலகப் போரில் எதிரெதிர்ப் பதுங்கு குழிகளில் கிடந்த நாட்டவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினர். 1931இல் மீண்டும் குளிர்கால ஒலிம்பியாட், ஆஸ்திரியாவின் மூர்சுஷ்லாக் நகரில். அதே ஆண்டு வியன்னாவில் நடந்த தொழிலாளர் கோடை ஒலிம்பியாடு, மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் நடந்த ஒலிம்பிக்கைக் காட்டிலும் பெரிது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1933இல் ஆட்சிக்கு வந்த இட்லர், தொழிற்சங்கங்களை நசுக்கிய கையோடு தொழிலாளர் விளையாட்டுக் கழகங்களையும் கலைத்தான். 1934 பிப்ரவரியில் ஆஸ்திரிய அரசு தொழிலாளர்மேல் பீரங்கியைத் திருப்பியது. அங்கும் கழகங்கள் மூடப்பட்டன. எல்லாம் துடைத்தெடுத்த பின், 1936 பிப்ரவரியில், கார்மிஷ் நகரிலே குளிர்கால ஒலிம்பிக்கை இட்லரே தொடங்கி வைத்தான்! வெளிநாட்டார் கண்ணில் படாதிருக்க, யூதருக்கு எதிரான அறிவிப்புப் பலகைகளைச் சில நாட்களுக்குக் கழற்றி வைத்தார்கள். போட்டி முடிந்து மூன்று வாரத்தில், மார்ச் 7ஆம் நாள், ஜெர்மன் படை ரைன்லாந்துக்குள் நுழைந்தது. இன்னொரு தொழிலாளர் குளிர்கால ஒலிம்பியாடு 1937இல் செக்கோஸ்லோவாகியாவில் நடந்தது. அதோடு அந்த வரலாறு போரிலே புதைந்தது.

ஓரிடத்தில் மட்டும் வேர் காயவில்லை. நார்வே நாட்டுத் தொழிலாளர்கள் 1924இல் தமக்கென ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பை நிறுவினர். நாஜி ஆக்கிரமிப்பின்போது தொழிலாளர் கழகங்களும் மற்றக் கழகங்களும் ஒன்றாக நின்று, நாஜிகள் நடத்திய போட்டிகளைப் புறக்கணித்தன. போர் முடிந்ததும் இரண்டும் ஒரே அமைப்பாயின. விளையாட்டு சீமான் வீட்டு முற்றத்திலிருந்து ஊர்ப் பொதுவுக்கு வந்தது. நார்வே மக்கள் 55 லட்சம் பேர். நம் சென்னை மாநகராட்சிக்குள் வாழ்வோரைவிடக் குறைவு. அந்தச் சிறு நாடு 2022இல் 16 தங்கம் வென்றது. பனி நிறைய இருக்கிறது என்பது மட்டும் காரணமானால், இமயமலையை வைத்திருக்கும் இந்தியா எங்கே நிற்க வேண்டும்?

எங்கே நிற்கிறது? 1964இல் இன்ஸ்புரூக்கில், போலந்து வழிவந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பவர் இந்தியாவின் பெயரால் முதன்முதலாகச் சறுக்கினார். அன்று தொடங்கி 2022 வரை ஒரு வெண்கலம்கூட இல்லை. ஆட்கள் இல்லாமலா? சிவகேசவன் என்றொரு வீரர். தந்தை கேரளத்துத் தலச்சேரிக்காரர், தாய் இத்தாலியர், வளர்ந்தது மணாலிப் பக்கம். 1998இல், 16 வயதில், நாகானோ ஒலிம்பிக்கில் லூஜ் வண்டியில் மல்லாந்து படுத்துப் பாய்ந்தார். 2018 வரை ஆறு ஒலிம்பிக் கண்டார். பழகுவதற்கு நாட்டிலே தடம் ஒன்றுகூட இல்லை. வண்டிக்குச் சக்கரம் மாட்டி, இமயமலைத் தார்ச்சாலையில், எதிரே வரும் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் இடையே புகுந்து பழகினார்! எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே மிதிவண்டி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு அது எப்பேர்ப்பட்ட வித்தை என்று சொல்லாமலே புரியும்.

அந்த வீரருக்கு டில்லிப் பெருமக்கள் செய்த மரியாதை என்ன? இந்திய ஒலிம்பிக் சங்கத்திலே பதவிச் சண்டை. காமன்வெல்த் விளையாட்டு ஊழல் வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலிருந்து பிணையில் வந்தவரையே பொதுச் செயலாளராக்கினார்கள். 2012 டிசம்பரில் உலக ஒலிம்பிக் குழு இந்தியாவை இடைநீக்கம் செய்தது. 2014 பிப்ரவரி 7, சோச்சி நகரில் தொடக்க விழா. கேசவனும், ஹிமான்ஷு தாக்கூரும், நதீம் இக்பாலும் சொந்த நாட்டுக் கொடியில்லாமல், ஒலிம்பிக் கொடியின் பின்னே, நாடற்றவர்களைப் போல நடந்தார்கள். 9ஆம் நாள் கேசவன் தம் ஓட்டத்தை முடித்தார். அதே 9ஆம் நாள் டில்லியிலே சங்கத் தேர்தல். சென்னையைச் சேர்ந்த என். இராமச்சந்திரன், அப்போதைய கிரிக்கெட் வாரியத் தலைவர் என். சீனிவாசனின் உடன்பிறந்தவர், தலைவரானார். 11ஆம் நாள் தடை நீங்கிற்று. கொடி திரும்பி வந்தபோது கேசவன் போட்டி முடிந்து இரண்டு நாளாகியிருந்தது! உயிரைப் பணயம் வைத்துப் பனியிலே பாய்ந்தவன் கொடியை இழந்தான். நாற்காலிக்காரர்களில் எவருக்காவது ஒரு வேளை உணவு குறைந்ததா?

2022இல் பெய்ஜிங்குக்கு இந்தியாவிலிருந்து சென்றவர் ஒரே ஒருவர்: காசுமீரத்து ஆரிப் கான். குல்மார்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருப்பவரின் மகன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் பனித்தள அரங்கம் ஒன்று கட்டினார்கள். போட்டி முடிந்ததும் மின் கட்டணத்துக்குப் பயந்து இழுத்து மூடினார்கள். பத்தாண்டுக்கு மேல் பூட்டியே கிடந்தது; 2025இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அந்தப் பூட்டுக்கு வெளியே நின்று வளர்ந்து முடிந்துவிட்டார்கள். காசிமேட்டு ஐஸ் தொழிற்சாலை நாள் தவறாமல் கட்டுகின்ற மின் கட்டணம், ஒரு நாட்டின் விளையாட்டுத் துறைக்குக் கட்ட முடியாத பாரமாம்!

"சோற்றுக்கு வழியைப் பாருங்கள், பனி எதற்கு?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அவர்கள் கவலையிலே பாதி நமக்கும் உடன்பாடே. சோச்சிக்கு ஏறத்தாழ 5000 கோடி டாலர் கொட்டினார்கள். அங்கே கட்டடம் எழுப்பிய புலம்பெயர் தொழிலாளர் பலருக்குக் கூலிகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் 2013இலேயே எழுதின. அமெரிக்காவின் கொலராடோ மக்கள் 1972இல் வாக்கெடுப்பு வைத்து, "எங்கள் வரிப்பணத்தில் இந்தக் கூத்து வேண்டாம்" என்று 1976 போட்டியையே திருப்பி அனுப்பினார்கள். சபாஷ் என்போம்! ஒலிம்பிக்கைச் சென்னைக்குக் கொண்டுவா என்று எவரும் இங்கே கேட்கவில்லை. நாம் கேட்பது மிகச் சிறியது. அதைச் சொல்லுமுன் ஒகாலா என்ற ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருக்கிறது ஒகாலா. பனியே விழாத வெப்ப நாடு. நம்மைப் போலவே புழுக்கம். அந்த ஊர்ப் பிள்ளைகள் சக்கரச் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு தளத்திலே பழகினர். அப்படிப் பழகிய எரின் ஜாக்சன் என்னும் கறுப்பினப் பெண் 2017இல்தான் பனித்தளத்திலே கால் வைத்தார். 2022இல் பெய்ஜிங்கில் 500 மீட்டர் விரைவுச் சறுக்கில் தங்கம்! குளிர்கால ஒலிம்பிக்கின் தனிநபர் போட்டியில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அதற்கு முன் தேர்வுப் போட்டியிலே அவர் கால் இடறியது. அதே ஒகாலாவில் வளர்ந்த பிரிட்டனி போவ், தான் வென்ற இடத்தை, "நீ போ" என்று அவருக்குக் கொடுத்தார். ஒரே ஊர், ஒரே சறுக்குத்தளம், ஒரே ஆசிரியையிடம் பயிற்சி. பனி எங்கே வந்தது இதில்?

சக்கரத்திலிருந்து பனிக்குப் போகும் அந்தப் பாதையின் முதல் பாதியை நம் சென்னைப் பிள்ளை ஒருவர் கடந்து காட்டிவிட்டார். ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலகச் சக்கரச் சறுக்குப் போட்டியில் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம், 500 மீட்டரில் வெண்கலம் வென்றார். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 3000 மீட்டர் தொடர் சறுக்கில் வெண்கலம் பெற்ற பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் என்ற நம் தமிழ்ப் பெண்கள் இருந்தனர்.

வடசென்னைக்குத் தனியே ஒரு தகுதியும் உண்டு. பனி விளையாட்டுகளில் கர்லிங் என்றொன்று, 1998 முதல் ஒலிம்பிக்கின் நிலையான போட்டி. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல் வட்டைப் பனித்தரையிலே வழுக்கவிட்டு, எதிரியின் கல்லை இடித்துத் தள்ளி, வட்டத்துக்குள் தன் கல்லை நிறுத்த வேண்டும். தரை வழுக்க நீர்த்துளி தெளிப்பார்கள், துடைப்பத்தால் தேய்ப்பார்கள். தோழர்களே, இது என்ன? பவுடர் தூவிய கேரம் பலகையை நீட்டிப் பனியிலே போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்! கோணம் பார்த்து அடிக்கவும், எதிரிக் காயை விலக்கவும், தன் காயை ஒட்டி நிறுத்தவும் எங்கள் தெருமுனை மன்றங்களில் வந்து கற்றுக்கொள்ளலாம். கேரத்தில் இருமுறை உலக வாகை சூடிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரத்துக்குத் தேவை ஒரு பலகையும் ஒரு விளக்கும். அதனால்தான் நம் பிள்ளைகள் கைக்கு அது எட்டிற்று. கூடுதலாகச் செலவு கேட்கும் எந்த ஆட்டமும் எட்டவில்லை.

இப்போது கோரிக்கைக்கு வருவோம். 200 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரச் சறுக்குத்தளம் ஒன்று. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ, லாரி நுழையாத இடத்தில். காலணிகளை இரவலாகத் தரும் ஓர் அறை. மாலை ஆறு மணிக்கு மேல் எரியும் விளக்கு; பகல் வேலைக்காரர்களின் பிள்ளைகள் அப்போதுதான் வர முடியும். கட்டணம் கிடையாது. சம்பளம் பெறும் பயிற்சியாளர் இருவர், அவர்களில் ஒருவர் பெண்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அது. அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலிலே ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது. நாம் கேட்பது சக்கரம்தானே என்று கணக்கர் எவரேனும் மடக்கினால், அங்கீகாரம் பெற்ற விளையாட்டுகளும் அதே வரியில் இருப்பதைக் காட்டலாம். சுத்திகரிப்பு ஆலையும், மோட்டார் தொழிற்சாலைகளும், துறைமுகங்களும் வரிசையாக நிற்கிற வட்டாரம் இது. புகை நமக்கு, அந்த 2 விழுக்காடு யாருக்கு என்று கேட்கும் உரிமை இங்கே வாழ்கிறவனுக்கு உண்டு.

ஆலைத் தொழிற்சங்கங்கள் அடுத்த வாயிற்கூட்டத்திலே இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். வட்டக் கழகத் தோழர்கள், தங்கள் வட்டாரக் கம்பெனிகள் சென்ற ஆண்டு அந்த நிதியை எங்கே செலவிட்டன என்று ஆண்டறிக்கையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும். அறிக்கை இரகசியமானதன்று, பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகள் அதை வெளியிட்டே ஆக வேண்டும். கையெழுத்து வேட்டையைக் காசிமேட்டிலிருந்து தொடங்கலாம். ஐஸ் தொழிற்சாலைத் தோழர்களின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.